அப்பா ஒட்டிய வேல்

அப்பா ஓட்டிய ஸ்கூட்டரின் நம்பர் பிளேட்டில், பழனியில் வாங்கிய வேல் ஸ்டிக்கர் ஒன்று. 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை பிளேட்டில் ஸ்டிக்கர் இருந்தால் அபராதம் என்று இறங்கியபோதும் எனக்கு உரிக்க மனசு வரவில்லை. நேற்றுதான் உட்கார்ந்தேன்.

பிளேடால் சுரண்டினால் பெயின்ட் போய்விடும். ஹேர் டிரையரில் கொஞ்ச நேரம் சூடு காட்டியதும் பசை இளகியது. ஓரத்தை நகத்தால் கிளப்பி மெல்ல இழுத்தேன். மிச்சப் பிசுக்கில் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் ஊறவிட்டேன். விரலால் தேய்க்கத் தேய்க்க, அழுக்கும் பசையும் கறுப்புத் திரியாக உருண்டு வந்தன. பிறகு சோப்புத் தண்ணீர். (தின்னர் கிட்டவே வேண்டாம், எழுத்தும் கரையும்.)

வேல் இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் புது வெள்ளையாக இருக்கிறது. அதே வேல் வடிவத்தில்.