எத்தனை முறை சோதித்தால் பயம் போகும்?

அரசு மருத்துவமனைகளில் ஹெச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையங்களுக்கு வருபவர்களில் ஒரு சாராரை உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். பேசப் பேசக் கை தாடைக்கு அடியில் போய் நெறி கட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கும். நாக்கைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்திருப்பார்கள். போன வாரத்து வெள்ளை கொஞ்சம், இந்த வாரத்து வெள்ளை அதிகம் என்று ஒப்பிட்டுக் காட்டுவார்கள். விசாரித்தால் வாய்வழி உறவு ஒன்று நடந்திருக்கும். அன்றிலிருந்து தூக்கமில்லை. ஆற்றுநர் வேலையில் நான் மிகவும் மதிக்கும் நேரம் இவர்களோடு கழிவதுதான். இவர்களில் பெரும்பாலோருக்கு உடம்பில் கிருமி இருப்பதில்லை. ஆனால் படும் துன்பம் முழுக்க நிஜம்.

“மேடம், ஒரு தப்பு பண்ணிட்டேன்” என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் “ஒண்ணும் ஆகாதுப்பா” என்று தேற்றிவிடத் தோன்றும். அப்படித் தேற்றக் கூடாது. என்ன நடந்தது என்று தெரியாமல் சொல்லும் ஆறுதலை அவரும் நம்ப மாட்டார். நமக்கும் விஷயம் தப்பிப் போகும். அதனால் கதவைச் சாத்திவிட்டு, காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்கும் அதே குரலில் கேட்கிறேன். எப்போது நடந்தது? யாருடைய வாய், யாருடைய உறுப்பு? விந்து வாய்க்குள் போனதா? ஈறில் ரத்தம், வாயில் புண் ஏதாவது இருந்ததா? வேறு வகை உறவும் நடந்ததா, ஆணுறை போட்டிருந்ததா? அந்த நபர் ஹெச்.ஐ.வி. மருந்து எடுப்பவர் என்று தெரியுமா? கடைசியாக, இது உங்கள் சம்மதத்தோடு நடந்ததா?

இந்தக் கேள்விகளைக் கூச்சப்படாமல் கேட்பதுதான் என் தொழிலின் பாதி. நான் தயங்கினால் எதிரில் இருப்பவர் பாதியை விழுங்கிவிடுவார். “வாய் வழியா மட்டும்தான்” என்று தொடங்கிய பேச்சு, அவசரப்படாமல் கேட்டுக்கொண்டே போனால், ஆணுறை இல்லாத உடலுறவில் போய் முடிவதும் உண்டு. அங்கே நிலைமையே வேறு.

எப்போது என்று முதலில் கேட்பதற்குக் காரணம் 72 மணி நேரம். உண்மையிலேயே ஆபத்தான தொடர்பு என்றால், அதற்குள் தொடங்கி 28 நாள் தொடர்ந்து எடுக்கும் தடுப்பு மாத்திரை இருக்கிறது. சீக்கிரம் தொடங்கத் தொடங்க நல்லது. வாய்வழி உறவுக்குச் சாதாரணமாக அது தேவைப்படுவதில்லை. எதிராளிக்குத் தொற்று இருப்பது தெரிந்து, அவர் மருந்தும் எடுக்காமல், வாய்ப்புண்ணில் விந்தோ ரத்தமோ பட்டது என்பதுபோல இருந்தால் மருத்துவர் பார்த்து முடிவு செய்வார்.

அடுத்து ஆபத்தின் அளவு. மருந்து எடுக்காத தொற்றாளரோடு ஆணுறை இல்லாமல் 10,000 முறை நடந்தால் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆசனவாய் வழியாக ஏற்பவருக்குத் தொற்றுவது 138 முறை, பெண்ணுறுப்பு வழியாக ஏற்பவருக்கு 8, அதில் ஈடுபடும் ஆணுக்கு 4 என்கிறது அது. வாய்வழிக்கு எதிரே எண்ணே கிடையாது. கணக்கிட முடியாத அளவுக்குக் குறைவு என்று மட்டும் இருக்கும். தன் உறுப்பை இன்னொருவர் வாயில் வைத்தவருக்குப் பட்டது எச்சில் மட்டும்தான். எச்சிலில் உப்புச்செறிவு குறைவு என்பதால் கிருமி ஏறிய செல்கள் அதில் உடைந்துபோகும். கிருமியைத் தடுக்கும் புரதங்களும் அதில் உண்டு. எதிராளிக்குத் தொற்று இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. தொற்று இருந்து, மருந்தை ஒழுங்காக எடுத்து ரத்தத்தில் கிருமி தென்படாத நிலைக்கு வந்தவரிடமிருந்து உடலுறவு வழியாக அது பரவுவதும் இல்லை.

இதையெல்லாம் சொன்ன பிறகும் “சுத்தமா வராதுன்னு எழுதிக் குடுங்க மேடம்” என்பவர்கள் உண்டு. எழுதித் தருவதில்லை. தேதிதான் தருகிறேன். நரம்பில் ரத்தம் எடுத்து ஆன்டிஜென், ஆன்டிபாடி இரண்டையும் பார்க்கும் ஆய்வகச் சோதனை என்றால் 45 நாள். ஆன்டிபாடி மட்டும் பார்க்கும் கிட் என்றால் 90 நாள். அந்தத் தேதிக்குப் பிறகு ‘இல்லை’ என்று வந்தால் அந்தச் சம்பவத்தின் கணக்கு அத்தோடு தீர்ந்தது. ஒரு கிட்டில் ‘இருக்கிறது’ என்று வந்தாலும் அதையே முடிவாகச் சொல்லிவிட மாட்டோம். வேறு இரண்டு வகைக் கிட்டிலும் பார்த்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் சொல்வோம்.

பயம் எய்ட்ஸ் மேலேயே குத்திட்டு நிற்பதால் கண்ணுக்கு எதிரே இருப்பது விடுபட்டுப் போகிறது. மேகப்புண்ணும் வெட்டையும் வாய்வழி உறவில் தாராளமாகத் தொற்றும். இரண்டும் குணமாகும். அந்தச் சோதனையையும் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள் என்றால், “அதெல்லாம் பரவாயில்ல மேடம்” என்கிறார்கள். எய்ட்ஸ் பயம் மட்டும் இப்படி நிற்பதற்குக் காரணம் பழையது. 1986-இல் சென்னையில் மருத்துவர்கள் நிர்மலாவும் சுனிதி சாலமனும் நாட்டின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்த காலத்தில் அதற்கு மருந்தில்லை. பிறகு வந்த மண்டை ஓட்டுச் சுவரெழுத்துகளும், ஊரெல்லாம் பேசிய புள்ளிராஜா எய்ட்ஸ் விளம்பரமும் நினைவில் நிற்கின்றன. ஆனால் 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம் என்பதும், அதை விடாமல் எடுப்பவர் மற்றவர்களைப் போலவே வயதாகி வாழ்கிறார் என்பதும் அந்த அளவுக்கு மனதில் பதியவில்லை.

கடினமான பகுதி ‘இல்லை’ என்று முடிவு வந்த பிறகுதான். சிலர் மறுபடி வருவார்கள். மூன்று மாதம் தாண்டியிருக்கும், தனியார் ஆய்வகத்தில் காசு கொட்டிப் பி.சி.ஆரும் பார்த்திருப்பார்கள். ரத்தம் மாறிப் போயிருக்குமோ, கிட் காலாவதியோ என்று கேள்வி புதிதாக முளைக்கும். ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் சில நாள் நிம்மதி. பிறகு சொறிந்த இடத்தில் அரிப்பு கூடுவதுபோலப் பயம் கூடும். தேதி கடந்து முடிவு தெளிவாக வந்த ஒருவருக்கு, புதிதாக எதுவும் நடக்காதபோது, நான் மீண்டும் சீட்டு எழுதுவதில்லை. இரக்கம் இல்லாமல் அல்ல. அந்தச் சீட்டுதான் அவர் பயத்துக்குத் தீனி.

அதற்குப் பதிலாக, “இருக்குன்னே வந்திருந்தா, யார் முகத்தை நினைச்சுத் தம்பி முதல்ல பயந்திருப்பீங்க?” என்று கேட்பேன். அப்போது ரத்தத்தை விட்டுவிட்டுப் பேச்சு வீட்டுக்குத் திரும்பும். நிச்சயமான கல்யாணம். மாசமாக இருக்கும் மனைவி. பெற்ற குழந்தைக்கு முத்தம் தராமல், தனக்கென்று தனி டம்ளர் எடுத்து வைத்துக்கொண்ட தகப்பன் ஒருவர், “குழந்தைகிட்டப் போகத் தகுதி இல்லைன்னு தோணுது மேடம்” என்றார். அவரைத் தின்றது குற்றவுணர்வு. அதைப் பார்க்க எந்தக் கிட்டும் இல்லை. ஆணோடு ஆண் என்றால் வெளியே தெரிந்துவிடுமோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்ளும். அவர்களிடம் 2018 செப்டம்பரைச் சொல்வேன். வயது வந்த இருவரின் சம்மத உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அந்த மாதம்தான். சம்மதமில்லாமல் சோதிக்கவோ முடிவை வெளியே சொல்லவோ கூடாது என்னும் ஹெச்.ஐ.வி. சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே மாதம்தான்.

பேச்சோடு தீராதவர்களை மனநல மருத்துவரிடம் அனுப்புகிறேன். திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் சொல்லி மனம் நச்சரிப்பதும் ஒரு நோய்; சிகிச்சையில் அது நன்றாகவே குறையும். அதுவரை ஒன்றிரண்டு கட்டுப்பாடு சொல்வேன்: கழுத்தை அழுத்திப் பார்க்காதீர்கள், அழுத்த அழுத்த அங்கே வலிக்கத்தான் செய்யும். ராத்திரியில் அறிகுறிகளைத் தேடிப் படிக்காதீர்கள். தொண்டைவலியும் காய்ச்சலும் ஊரில் எல்லாருக்கும் வருவதுதான், அதை வைத்து யாராலும் எதையும் சொல்ல முடியாது.

இதைப் படிக்கிற உங்களுக்கோ, உங்களிடம் மட்டும் சொன்ன நண்பருக்கோ இந்தப் பயம் இருந்தால், 1097 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். மனம் நிலைகொள்ளவில்லை என்றால் 14416. நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம். நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் இன்றே கிளம்புங்கள். ஆகிவிட்டது என்றாலும் வந்து பேசுங்கள். என்றைக்குச் சோதிப்பது என்று நாங்கள் சொல்கிறோம், அன்றைக்கு வந்து ரத்தம் கொடுங்கள்.