வண்டி ஊளையிட்டால் முதலில் காது கொடுங்கள்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு வரும் வண்டிகளில் அந்தத் தம்பதியின் பழைய பிக்கப்பும் ஒன்று. இரண்டு ஏக்கர் முருங்கை, ஒரு ஏக்கர் தக்காளி வைத்திருக்கிறார்கள். கடன் வாங்கித்தான் வண்டி எடுத்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக் காய்களையும் ஏற்றிப் போவதால் கிடைக்கும் வாடகையில் மாதத் தவணை ஓடுகிறது. வண்டி ஒரு வாரம் நின்றால் வீட்டுக் கணக்கே நின்றுவிடும்.

சத்தத்தை முதலில் கேட்டவர் மனைவிதான். “என்னங்க, பின்னாடி ஏதோ ஊளையிடுற மாதிரி இருக்கே?” என்றார். இருபது வருடம் டிராக்டர் ஓட்டியதில் கணவருக்குக் காது கொஞ்சம் மந்தம். “காலிப் பெட்டி ஆடுற சத்தம்மா” என்று சொல்லிவிட்டார். கூட வந்த மகன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தான். அப்படியே ஒரு மாதம் ஓடியது.

பிறகு அந்த ‘ங்ங்ஙீ’ சத்தம் கணவர் காதுக்கும் எட்டியது. டவுனில் ஒரு பட்டறைக்குப் போனார்கள். அங்கே யாரும் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்துவிட்டு, “கியர்பாக்ஸை இறக்கணும். 25,000 ரூபாய் ஆகும்” என்றார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக எடுத்து வைத்திருந்த தொகை கிட்டத்தட்ட அவ்வளவுதான். கணவர் அதைக் கொடுக்கவும் தயாராகிவிட்டார்.

மனைவிதான் தடுத்தார். “இலை மஞ்சளானா உடனே யூரியாவைக் கொட்டுறோமா? வேரைத் தோண்டிப் பாக்குறதில்லையா? சத்தம் எப்ப வருது, எப்ப வரலைன்னு முதல்ல நாமளே பாப்போம்.”

மறுநாள் காலி வண்டியை ஆளில்லாத நேர்ச் சாலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் ஓட்ட, மனைவி மண்டி ரசீதின் பின்பக்கம் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்.

வண்டி நிற்கும்போது இன்ஜினை முறுக்கினால் சத்தம் இல்லை. ஆகவே ஆல்டர்னேட்டர், பெல்ட் போன்றவை காரணமில்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரிலும் நான்காவது கியரிலும் ஒரே சத்தம். கியர்பாக்ஸ் கெட்டிருந்தால் கியர் மாறும்போது சத்தமும் பெரும்பாலும் மாறும். வளைவில் திரும்பும்போது கூடவோ குறையவோ இல்லை. சக்கர பேரிங் என்றால் பாரம் ஒரு பக்கம் சாயும்போது வித்தியாசம் தெரியும். தார் ரோட்டிலும் சிமென்ட் ரோட்டிலும் ஒன்றுபோலக் கேட்டதால் டயரும் இல்லை. ஆனால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஊளை சட்டென்று தணிந்தது. மறுபடி மிதித்ததும் எழுந்தது.

ரசீதை எடுத்துக்கொண்டு, பக்கத்து ஊரில் டிராக்டர் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போனார்கள். படித்துப் பார்த்தவர், “அக்கா, பாதி வேலையை நீங்களே முடிச்சுட்டீங்க” என்று சிரித்தார். வண்டியை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு ஸ்டாண்டு முட்டுக்கொடுத்த பிறகுதான் அடியில் படுத்தார். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

பின்சக்கரங்களுக்கு நடுவே பானைபோலத் தொங்கும் டிஃபரன்ஷியலின் முன்முனையில் எண்ணெயும் புழுதியும் கலந்து அப்பியிருந்தது. ஆயில் ஊற்றும் துளையின் மூடியைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தார். ஆயில் துளையின் கீழ்விளிம்பு வரை நிற்க வேண்டும். விரல் காய்ந்தே வெளியே வந்தது.

“ஆயில் எங்கண்ணே போச்சு?” என்று கணவர் கேட்டதற்கு, அச்சின் மேலே இருந்த குட்டி மூடியைக் காட்டினார். அதன் பெயர் பிரீதர். ஓட்டத்தில் ஆயில் சூடாகி, உள்ளே காற்று விரியும்போது வெளியேறும் வழி அது. தினமும் ஓடைச் சேற்றில் இறங்கி ஏறியதில் செம்மண் அடைத்துக் கல்லாகிவிட்டது. காற்றுக்குப் போக்கிடம் இல்லாததால், அழுத்தம் ஆயிலை சீல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியிருக்கிறது. ஆயில் குறைந்ததும் கிரவுன், பினியன் பற்கள் உரசிக் கத்த ஆரம்பித்துவிட்டன.

மிச்சம் இருந்த ஆயிலை வடித்து, காந்தத்தை விட்டுப் பார்த்தார். மை போன்ற நைசான இரும்புத் தூள் மட்டும் ஒட்டியது. பல் துண்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் செலவு வேறு மாதிரி ஆகியிருக்கும். பிரீதரைச் சுத்தம் செய்து, புது சீல் போட்டார். பினியன் நட்டு முன்பு இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டே கழற்றினார். அதை இஷ்டத்துக்கு முறுக்கினால் பேரிங் கெட்டுவிடும் என்பதால் பழகிய கைதான் செய்ய வேண்டும். வண்டிக் கையேட்டில் சொன்ன கியர் ஆயிலையே ஊற்றினார். இந்தப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியபடி பாரம் தாங்குபவை. இன்ஜின் ஆயில் ஊற்றினால் தாங்காது. எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது.

ஊளை அடங்கியது. ஆனால் முழுதாகப் போகவில்லை. 50 கிலோமீட்டரைத் தாண்டினால் மெல்லிசாக ஒரு ரீங்காரம் இன்னும் கேட்கிறது. “ஒரு மாசம் காய்ஞ்சு ஓடுனதுல பல்லு கொஞ்சம் தேஞ்சிருச்சு. அதை இனி வளர்க்க முடியாது. காப்பாத்திக்கலாம். 1,000 கிலோமீட்டர் ஓடுன பிறகு வாங்க, ஆயிலை மறுபடி மாத்திப் பாப்போம்” என்றார் மெக்கானிக்.

மகளின் கட்டணம் குறித்த நாளில் கட்டியாகிவிட்டது. அமாவாசைக்கு அமாவாசை வண்டிக்குப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நசுக்குவது அந்த வீட்டு வழக்கம். இப்போது அதற்கு முன்னால் இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. மனைவி டார்ச் அடிக்க, கணவர் குனிந்து பிரீதரில் மண் இருக்கிறதா, சீல் ஓரம் ஈரம் தெரிகிறதா என்று பார்க்கிறார். வண்டியில் ஏறினால் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு மகன் பாட்டுப் போடுவதில்லை.