சரவணம்பட்டியிலிருந்து வடபுல இசைக்கு ஒரு வழி

கோவை காந்திபுரத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் சத்தியமங்கலம் சாலையில், கணபதியைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் சரவணம்பட்டியை அடையலாம். ஒரு காலத்தில் சோளமும் பருத்தியும் விளைந்த மானாவாரிக் காடுகள் சூழ்ந்த சிற்றூர் இது. பேரூராட்சியாக வளர்ந்து, 2011-ஆம் ஆண்டில் கோவை மாநகராட்சியோடு இணைந்தது. இதன் அருகே குமரகுரு பொறியியற் கல்லூரி 1984-இல் தொடங்கப்பெற்றது. பின்னர்க் கணிப்பொறி நிறுவனங்கள் வந்தன; அவற்றைத் தொடர்ந்து அடுக்குமாடி வீடுகள் எழுந்தன; மராட்டியம், வங்காளம், உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலங்களிலிருந்து குடும்பங்களும் வந்து குடியேறின. மாலை வேளையில் இச்சாலையோரத் தேநீர்க் கடையில் நின்றால் நான்கு மொழிகளையாவது கேட்கலாம்.

ஆயினும் இவ்வூரைப் பொறியியலும் கணிப்பொறியும் மட்டுமே அறிந்த ஊர் என்று எண்ணிவிடலாகாது. பக்கத்துச் சின்னவேடம்பட்டியில் சிரவை ஆதீனத்தின் கௌமார மடாலயம் இருக்கிறது. அருணகிரிநாதர் வழியில் வண்ணப் பாக்களை மழையெனப் பொழிந்த வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளின் (1839–1898) நூல்களைப் போற்றிவரும் திருமடம் அது. வண்ணத்துக்கு இலக்கணமாக ‘வண்ணத்தியல்பு’ என்னும் நூலையே அப்பெரியார் இயற்றினார். வண்ணம் என்பது சந்தக் கணக்கு; எழுத்தை எண்ணி, ஓசையை அளந்து, தாளத்தில் நிறுத்துவது. எனவே இம்மண்ணுக்கு இசைக் கணக்குப் புதிதன்று.

இவ்வூரில் நமக்குத் தெரிந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பம் உண்டு. தந்தை ஒரு பட்டறையில் கடைசல் இயந்திரம் இயக்குபவர். மகள் பங்கின் பாடற்குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவள். மாடி வீட்டுக்குக் குடிவந்த மராட்டிய அம்மையார் ஒருவரிடம் நான்கு ஆண்டுகள் இந்துஸ்தானி வாய்ப்பாட்டுக் கற்றாள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றதும், “நான் இதையே பட்டப் படிப்பாகப் படிக்கிறேன்” என்றாள். வீட்டில் புயல் எழுந்தது. தந்தை நம்மிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “ஏனுங்க ஐயா, பாட்டுப் படிச்சா சோறு கிடைக்குமுங்களா?” பாட்டியின் கேள்வி வேறு: “கோயில்ல பாடற புள்ள, கிருஷ்ணன் மேல பாட்டெல்லாம் பாடோணுமாக்கும்?”

இரண்டும் நியாயமான கேள்விகள். இவற்றுக்கு விடை தேடும் குடும்பங்கள் இன்னும் பல இருக்கக்கூடும் என்பதாலேயே இதனை எழுதுகிறோம்.

முதலில், எங்கே படிப்பது? நம் மாநிலத்தில் இசைக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. சென்னை, திருவையாறு, மதுரை, கோவை ஆகிய இடங்களில் அரசு இசைக் கல்லூரிகள் உள்ளன. கோவைக் கல்லூரி மலுமிச்சம்பட்டியில் இயங்குகிறது. திருச்சியில் அருட்தந்தை எஸ். எம். ஜார்ஜ் அடிகளார் 1977-இல் தொடங்கிய கலைக்காவிரி இன்று நுண்கலைக் கல்லூரியாக வளர்ந்து நிற்பது நமக்குப் பெருமை. ஆனால் இவற்றிலெல்லாம் கருநாடக இசையே முதன்மைப் பாடம். இந்துஸ்தானி இசையில் பட்டம் பெற விரும்புவோர் பெரும்பாலும் மாநில எல்லையைத் தாண்டியே செல்ல வேண்டும். காசி இந்துப் பல்கலைக்கழகம், பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம், இலக்னோவின் பாத்கண்டே பல்கலைக்கழகம் முதலியன புகழ்பெற்றவை. சத்தீஸ்கர் மாநிலத்துக் கைராகரில், இளமையிலேயே இறந்த தம் மகள் இந்திராவின் நினைவாக அரசரும் அரசியும் தங்கள் அரண்மனையையே ஈந்து 1956-இல் உருவாக்கிய இசைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இவை எல்லாம் தொலைவு. நமக்கு அண்மையில் இருப்பது கர்நாடக மாநிலத்துத் தார்வாட்.

சரவணம்பட்டியின் வாசலில் ஓடும் இதே சாலை அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம், பண்ணாரி வழியாகச் சென்று, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக் கர்நாடகத்துக்குள் புகுகிறது. அந்த மாநிலத்தின் வடபகுதியில் தார்வாட் இருக்கிறது. தந்தையும் மகளும் ஊரைப் பார்த்துவரப் புறப்பட்டபோது நாமும் உடன் சென்றோம். பெங்களூருவில் வண்டி மாறி, மறுநாள் காலையில் தார்வாட் நிலையத்தில் இறங்கினோம். கரிசல் மண், பருத்தி, சோள ரொட்டி, வெயிலுக்குத் தலைப்பாகை கட்டிய உழவர்கள் – இவற்றைக் கண்டதும் தந்தையின் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. “நம்ம ஊருப் பக்கமாட்டவே இருக்குதுங்க” என்றார். பாலில் செய்த தார்வாட் பேடாவை ஒரு பொட்டலம் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

இந்தச் சிறிய வட்டாரத்தில் எத்தனை மேதைகள்! மல்லிகார்ஜுன மன்சூர் வாழ்ந்த இல்லம் இங்கே நினைவகமாகப் போற்றப்படுகிறது. கதக் ஊரில் வளர்ந்த பீம்சேன் ஜோஷி, 1933-இல் பதினொரு வயதுச் சிறுவனாகக் குருவைத் தேடி வீட்டைவிட்டு ஓடியவர். அதே கதக்கில் வீரேசுவர புண்ணியாசிரமம், பார்வையற்ற பிள்ளைகளுக்கு உணவும் உறையுளும் தந்து இசை கற்பித்து வருகிறது. அதனைக் கட்டிக்காத்த பஞ்சாட்சர கவாயி, புட்டராஜ கவாயி இருவருமே பார்வையற்றவர்கள்.

எல்லாவற்றிலும் நம் நெஞ்சைத் தொட்டது கங்குபாய் ஹானகல் (1913–2009) அம்மையாரின் வரலாறு. ஐந்தாம் வகுப்புக்கு மேல் அவர் பள்ளி சென்றதில்லை. ஹூப்ளியிலிருந்து இரயிலேறிக் குந்த்கோள் சென்று, சவாய் கந்தர்வரிடம் பாடம் கேட்டுத் திரும்புவார். அவருடைய தாயார் அம்பாபாய் கருநாடக இசையில் வல்லவர். மகளின் இந்துஸ்தானிப் பயிற்சியில் தம் பாட்டுக் கலந்து குழப்பிவிடலாகாது என்று தாம் பாடுவதையே நிறுத்திக்கொண்டார் என்பர். பள்ளிப் படிப்பை முடிக்காத அந்த மகளையே பின்னர்க் கர்நாடகப் பல்கலைக்கழகம் இசை கற்பிக்க அழைத்தது. இன்று மைசூரில் ஓர் இசைப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு தாயின் மௌனத்தில் அம்மகளின் குரல் வளர்ந்தது என்று எண்ணுகையில் கண் கசிகிறது.

அப்படியானால் பட்டம் எதற்கு என்று கேட்கலாம். முன்னாளில் இவ்விசை அரண்மனைக்குள்ளும் இசைக் குடும்பங்களுக்குள்ளும் அடைபட்டிருந்தது. தம் பிள்ளைக்கன்றி வேறெவர்க்கும் பாடலைச் சொல்லித்தராத உஸ்தாதுகள் பலர். அந்தக் கதவைத் திறந்தவர்கள் இருவர். சிறுவயதில் வெடி விபத்தில் பார்வை மங்கப்பெற்ற விஷ்ணு திகம்பர் பலுஸ்கர், 1901-இல் இலாகூரில் மக்களின் நன்கொடையால் கந்தர்வ மகாவித்தியாலயம் என்னும் இசைப் பள்ளியை நிறுவினார். பம்பாய் வழக்கறிஞரான விஷ்ணு நாராயண பாத்கண்டே (1860–1936), வீடு வீடாகச் சென்று பாடல்களைத் திரட்டிச் சுரப்படுத்தி அச்சிட்டார்; 1926-இல் இலக்னோவில் கல்லூரி தோன்றக் காரணமானார். அந்தப் பாத்கண்டே 1904-இல் தென்னாட்டுக்கு வந்தார் என்பதை நம்மவர் பலர் அறியார். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைக் கண்டு உரையாடினார். தஞ்சை நாயக்கர் காலத்தில் வேங்கடமகி வகுத்த மேளகர்த்தா முறையை ஆராய்ந்தார். பின்னர் வடநாட்டு இராகங்களைப் பத்துத் ‘தாட்’டுகளாக அவர் வகைப்படுத்தியதற்கு அந்த மேளகர்த்தா முறை வழிகாட்டியது. இன்று இந்துஸ்தானி இசை பயிலும் எந்த மாணவரும் தொடக்கத்திலேயே மனப்பாடம் செய்யும் பத்துத் தாட்டுகளில் தமிழகத்தின் பங்கும் உண்டு. ஆகவே நம் பெண் அந்நிய வீட்டுக்குச் செல்லவில்லை. உறவினர் வீட்டுக்கே செல்கிறாள்.

பட்டப் படிப்பில் என்ன கற்பிப்பார்கள்? மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் பல இராகங்களில் விளம்பித கயால், துருத கயால் எனப்படும் மெதுநடை, விரைநடைப் பாடல்களையும், தராணா, துருபத் முதலிய வகைகளையும் பயில வேண்டும். 16 மாத்திரை கொண்ட தீன்தாள், 12 கொண்ட ஏக்தாள், 10 கொண்ட ஜப்தாள், 7 கொண்ட ரூபக் ஆகியவற்றைக் கையால் எண்ணிக் காட்ட வேண்டும். தம்புராவைத் தாமே சுருதி கூட்ட வேண்டும். எந்த இராகம் காலைக்குரியது, எது இரவுக்குரியது என்பதும் பாடமே. கருநாடக இசை அறிந்தவர்க்கு ஒரு வசதி உண்டு. ஒரு சிக்கலும் உண்டு. நம் மோகனம் அங்கே பூப். இந்தோளம் அங்கே மால்கௌன்ஸ். கல்யாணி அங்கே யமன். ஆனால் நம் தோடியின் சுரங்கள் அங்கே பைரவிக்கு உரியவை. அங்கே தோடி என்பதோ நம் சுபபந்துவராளியின் சுரங்களைக் கொண்டது. பெயரை நம்பி ஏமாறலாகாது.

பாடற்குழுவில் ஆர்மோனியத்தோடு பழகிய நம் பெண்ணுக்கு மற்றொரு சோதனையும் காத்திருந்தது. ஐரோப்பாவில் பிறந்த இசைக்கருவி ஆர்மோனியம். ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு இழைந்து செல்லும் ‘மீண்ட்’ அதில் வாராது. இக்குறையைச் சொல்லியே அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அக்கருவியை விலக்கி வைத்திருந்தது. “ஆறு மாதம் ஆர்மோனியத்தைத் தொடாமல் தம்புராவுடன் மட்டும் பாடு” என்று தார்வாட்டில் நாம் சந்தித்த ஓர் இசையாசிரியர் அவளிடம் கூறினார்.

அவரிடமே தந்தை தம் கேள்வியைக் கேட்டார். ஆசிரியர் பொய்யான நம்பிக்கை எதுவும் தரவில்லை. மேடைப் பாடகராகப் பெயர் பெறுவோர் மிகச் சிலரே. பட்டம் பெற்ற பின்னும் ஒரு குருவிடம் பல்லாண்டுகள் அமர்ந்தாக வேண்டும் என்றார். அதே வேளையில், கேந்திரிய வித்தியாலயப் பள்ளிகளின் இசையாசிரியர் பணிக்கு இசைப் பட்டம் தேவை என்பதையும், முதுகலை முடித்துத் தேசியத் தகுதித் தேர்வில் வென்றால் கல்லூரியில் கற்பிக்கலாம் என்பதையும், 18 முதல் 25 வயது வரையிலான இளங்கலைஞர்களுக்கு நடுவணரசின் பண்பாட்டு அமைச்சகம் ஈராண்டு உதவித்தொகை வழங்கும் திட்டத்தையும் எடுத்துரைத்தார். தனியார் இசைக் கழகங்கள் நடத்தும் ‘விசாரத்’ முதலிய தேர்வுகளை எல்லா அலுவலகங்களும் பட்டத்துக்கு இணையாக ஏற்பதில்லை என்றும், சேருமுன் விசாரித்தறிவது நலம் என்றும் எச்சரித்தார். தந்தை எல்லாவற்றையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். “பட்டறையிலயும் தொழில் கத்துக்க ஏழெட்டு வருசம் ஆகுமுங்க” என்று மெல்லச் சொன்னார்.

இனிப் பாட்டியின் கேள்வி. இந்துஸ்தானிப் பாடல்களில் கண்ணனும் இராதையும் வருவது உண்மையே. ஆனால் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிக் காத்தவர்களில் இசுலாமியர் எத்தனை பேர்! சவாய் கந்தர்வரின் குருவான உஸ்தாத் அப்துல் கரீம் கான் அவர்களில் ஒருவர். அவர் தியாகராசரின் கீர்த்தனையைக்கூடப் பாடி இசைத்தட்டில் பதித்தார். 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து புதுவை செல்லும் வழியில் உடல்நலம் குன்றி, சிங்கப்பெருமாள் கோயில் இரயில் நிலையத்தில் இறங்கி, இறைவனைத் தொழுதபடியே அங்கே உயிர் நீத்தார். அப்பெருந்தகையின் இறுதி மூச்சு கலந்தது நம் தமிழ் மண்ணில்.

நம் திருச்சபையும் இவ்வகையில் தெளிவாகப் பேசியிருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டு, மறைபரப்பு நாடுகளின் இசை மரபுகளுக்கு உரிய மதிப்பும் தக்க இடமும் அளிக்கப் பணிக்கிறது. 1965-இல் வந்த பிற சமயங்கள் பற்றிய அறிக்கை, அவற்றிலுள்ள உண்மையும் தூய்மையுமான எதனையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று உரைக்கிறது. செருமானிய நாட்டிலிருந்து வந்த இறைவார்த்தைச் சபைத் துறவி ஜார்ஜ் புரோக்ஷ் அடிகளார், இந்தியில் கிறிஸ்தவ பக்திப் பாடல்களை இயற்றி, மும்பை அந்தேரியில் ஞான ஆசிரமம் அமைத்துத் தொண்டாற்றினார். கடல் கடந்து வந்தவர்க்கு இயன்றது, கோவையில் பிறந்த நம் பிள்ளைக்கு இயலாதா? இதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட பாட்டி, “அப்ப மாதா பாட்டையும் அந்த மெட்டுல பாடிக்காட்டச் சொல்லுங்க” என்றார். அனுமதி கிடைத்துவிட்டது என்று அதற்குப் பொருள்.

அன்பார்ந்த பெற்றோரே, தாலந்து உவமையை நாம் ஆண்டுதோறும் திருப்பலியில் கேட்கிறோம். புதைத்து வைத்தவனை ஆண்டவர் கடிந்துகொண்டதையும் அறிவோம். எல்லாப் பிள்ளைகளையும் இசை படிக்க அனுப்புங்கள் என்று நாம் சொல்லவில்லை. குரலும் செவியும் பொறுமையும் உள்ள பிள்ளை கேட்டால், கேலி செய்யாமல் கேளுங்கள். நல்லாசிரியர் ஒருவரிடம் அழைத்துச் சென்று பிள்ளையின் குரலை ஆராயச் செய்யுங்கள். கல்லூரியை நேரில் பாருங்கள். செலவையும் வேலைவாய்ப்பையும் ஒளிவுமறைவின்றிப் பேசி முடிவெடுங்கள். பங்குகளும் தம்மால் இயன்றதைச் செய்யலாம். பயிற்சிக்கு அமைதியான ஓர் அறையும் ஒரு தம்புராவும் போதும்.

அந்தப் பெண் இந்த ஆண்டு சேர்ந்துவிட்டாள். விடுதி அறையில் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, ‘சா’ என்னும் ஒரே சுரத்தை அரை மணி நேரம் பாடுவதாகக் கடிதம் எழுதியிருக்கிறாள். அவளுக்காகவும், அவளைப் போன்ற பிள்ளைகளுக்காகவும் இறைவனிடம் மன்றாடுவோம்.