மீனுக்கும் தமிழ்ப்பெயர் உண்டு

கடந்த பள்ளி விடுமுறையில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உடன் பயின்ற நண்பர்கள் மூவரும் நானும் பினாங்கின் தெலுக் பகாங்கில் படகெடுத்து மீன்பிடிக்கச் சென்றோம். நண்பர் ஒருவர் ஐந்தாம் ஆண்டில் பயிலும் தம் மகனையும் அழைத்து வந்திருந்தார். மலாயில் ‘தெலுக்’ என்றால் வளைகுடா.

படகோட்டியான மலாய்ப் பெரியவர் அவசரப்படவில்லை. கடல்நீர் ஏற ஏறத்தாழ ஆறு மணி நேரம், வற்றவும் அவ்வளவே. இடையில் நீரோட்டம் வலுத்தால் ஈயக்குண்டு தரையில் நில்லாது இழுபடும். ஆகவே, ஓட்டம் தணியும்வரை காத்திருந்தோம்.

முதலில் சிக்கியது ‘கெலாமா’.

“மாமா, இதற்குத் தமிழில் என்ன பெயர்?” என்று சிறுவன் கேட்டான்.

“கத்தாளை” என்றார் மற்றொரு நண்பர். தொடர்ந்து அவரே, ‘சியாக்காப்’ கொடுவா என்றும், ‘செனாங்கின்’ காலா என்றும், ‘கெம்போங்’ கானாங்கெளுத்தி என்றும் அடுக்கினார். சிறுவன் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான்.

கடலையே காணாத ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர் அந்நண்பர். பாட்டியின் மீன் குழம்பும் கருவாடுமே அவருக்கு இப்பெயர்களைக் கற்பித்தனவாம்.

நெய்தல் நிலத்தை நாம் வகுப்பில் கற்பிக்கிறோம்; மாணவரும் மனனம் செய்து எழுதுகின்றனர். ஆயினும், அந்நிலத்தின் சொற்கள் அடுக்களை வழியாகவே இந்நாட்டில் நிலைத்து வந்துள்ளன. அடுக்களையில் அவை ஒலிக்காவிட்டால், பாடநூல் மட்டும் அவற்றைக் காத்துவிடாது.

பெற்றோர்களே, சந்தைக்குச் செல்லும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். கடைக்காரரிடம் மலாய்ப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்; பிள்ளையிடம் தமிழ்ப் பெயரையும் சொல்லுங்கள். இரண்டும் அவர்களுக்கு உரியவையே.