வண்டி யார் பேருல?

என்னிடம் 2007 மாடல் மாருதி ஆம்னி ஒன்று இருக்கிறது. வெள்ளை நிறம். எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் சித்திரை மாதத்தில் ஓட்டினால் தோசைக்கல்லின் மேல் உட்கார்ந்ததுபோல் இருக்கும். தமிழ் சினிமாவில் கடத்துவதற்கென்றே பிறந்த வண்டி அது, முதல் தடவை கல்லூரிக்குள் ஓட்டிக்கொண்டு போனபோது, "மேடம், யாரைத் தூக்கப் போறீங்க?" என்று மாணவிகள் கேட்டார்கள். 1984இல் வந்த அந்த மாடலை 2019இல் நிறுத்திவிட்டார்கள். என்னுடையது இன்னும் ஓடுகிறது.

2012இல் அதைப் பழைய வண்டியாக வாங்கினேன். ஒப்பாரிப் பாடல்களைச் சேகரித்துக்கொண்டிருந்த காலம். ஒப்பாரி நேரம் பார்த்து நடப்பதில்லை. இழவு விழுந்த வீட்டுக்கு இரவில் போக வேண்டும், விடியும்வரை இருக்க வேண்டும். ஆண் ஆய்வாளர்கள் டீக்கடைப் பெஞ்சிலோ கோயில் திண்ணையிலோ படுத்துக்கொள்வார்கள். நான் எங்கே படுப்பது? துணைக்கு வரும் அம்மாவுக்கோ இடுப்பு வலி, பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. அதனால் பின்சீட்டைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டு, தச்சரிடம் சொல்லி ஒரு பலகைக் கட்டில் அடித்தேன். ஜன்னல்களுக்குப் பழைய சுங்குடிப் புடவையில் திரை. ஒரு குடம் தண்ணீர், ஒரு வாளி, ஒரு ஃப்ளாஸ்க். வெளிநாட்டில் வீடு மாதிரியே வண்டி வைத்திருக்கிறார்களே, அதன் ஏழைத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளி எதற்கு என்று பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கதவை இழுத்துச் சாத்திவிட்டால் அது என் இடம். அதற்குள் படுத்து எழுதிய கவிதைகள் இரண்டு தொகுப்புக்கு வரும்.

பணம் என்னுடையது. 85,000 ரூபாய், என் சம்பளக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஆனால் புரோக்கர், "சார் பேர்ல போட்டுடலாம் மேடம், ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நீங்க எதுக்கு அலையணும்?" என்றார். எனக்கும் அன்று மூன்று வகுப்புகள். சரி என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன சரிகளைப் பட்டியல் போட்டால், அக்கறையாகச் சொல்லப்பட்ட ஏதோ ஒரு வாக்கியத்துக்குப் பிறகுதான் ஒவ்வொன்றும் வந்திருக்கும்.

அதே அக்கறையில்தான் கிளப்பும் வந்தது. எங்கள் ஊரில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம். வழியில் வண்டி நின்றால் இழுத்துவர ஆள் அனுப்புவார்கள், வெளியூரில் தங்க அறை தருவார்கள், இன்ஷூரன்ஸையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் உறுப்பினர். எனக்கு வேறு நிறத்தில் ஒரு அட்டை, அதில் என் பெயருக்கு மேலே அவருடைய பெயர். ஆண்டுச் சந்தாவை ஒவ்வொரு வருடமும் கட்டியது நான். பொங்கலுக்கு மகளிர் பிரிவில் கோலப்போட்டி வைப்பார்கள். மூன்று முறை என்னை நடுவராக உட்கார வைத்தார்கள். ஒப்பாரியில் முனைவர் பட்டம் வாங்கியவள், புள்ளிக்கோலத்துக்கு மதிப்பெண் போட்டேன்.

2020இல் நாங்கள் பிரிந்தோம். சண்டை, வழக்கு எதுவும் இல்லை. வண்டியை நீயே வைத்துக்கொள் என்றார். அதைப் பெருந்தன்மை என்று அன்று நினைத்தேன்.

2021 நவம்பர். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் பதிவை முடித்துவிட்டு, நல்ல மழையில் மதுரை–திருச்சி நான்குவழிச் சாலையில் வந்துகொண்டிருந்தேன். அம்மா இப்போதெல்லாம் வருவதில்லை, முழங்கால் விடவில்லை. துவரங்குறிச்சியைத் தாண்டியதும் ஒரு மாடு குறுக்கே வந்தது. ஒடித்தேன், நடுத்தடுப்பில் இடித்தது. இடதுபக்க முகப்பு உள்ளே போய், ரேடியேட்டர் ஒழுகி, என் முழங்காலில் ரத்தம். மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரவு பத்தே முக்கால்.

கிளப்பின் உதவி எண்ணை அழைத்தேன்.

"மெம்பர் செல்லுக்கு ஒரு ஓ.டி.பி. வரும் மேடம். அதைச் சொன்னா வண்டி அனுப்பிடுவோம்."

"அது என் நம்பர் இல்லீங்க. நான் அவரோட மனைவி... இப்ப தனியா இருக்கோம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்ப சாரைப் பேசச் சொல்லுங்க மேடம்."

ஒன்றரை வருடமாக இரவில் அழைக்காத எண்ணை, ஹைவே ஓரத்தில் நனைந்துகொண்டே அழைத்தேன். எடுத்தார். தூக்கத்திலிருந்து எழுந்த குரல். விஷயத்தைச் சொன்னேன். "அடி பட்டுச்சா?" என்று முதலில் கேட்டார், அதைச் சொல்லிவிட வேண்டும். அடுத்த கேள்வி: "இந்நேரத்துக்கு அங்க என்ன பண்ற?"

பிரிந்து வந்ததே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துத்தான். இப்போது ஆறு இலக்க எண் ஒன்றுக்காக மறுபடியும் சொன்னேன். எந்த ஊர், யார் வீட்டு இழவு, யாரோடு போனேன், ஏன் அங்கேயே தங்கவில்லை. அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, குறுஞ்செய்தியைத் திறந்து எண்ணைச் சொன்னார். கிளப்புக்குச் சொன்னேன். "இது எக்ஸ்பயர் ஆயிடுச்சு மேடம், இன்னொன்னு அனுப்புறேன்" என்றான் பையன். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

சாலையோரப் பலகையில் 1033 என்று போட்டிருந்தது. தேசிய நெடுஞ்சாலை உதவி எண். அழைத்தால் எந்த இடம், என்ன வண்டி, யாருக்காவது அடியா என்று மட்டும் கேட்டார்கள். வண்டி யார் பேருல என்று கேட்கவில்லை. கிரேன் வந்து சுங்கச்சாவடி ஓரம் கொண்டுபோய் விட்டது, காசும் வாங்கவில்லை. அங்கே வெளிச்சமும் கழிப்பறையும் இருந்தன. திரையை இழுத்துவிட்டு என் கட்டிலில் படுத்துத் தூங்கினேன். முகம் நசுங்கியிருந்தாலும் வண்டி தன் வேலையைச் செய்தது.

அதன் பிறகு இன்ஷூரன்ஸ் படலம். உரிமைகோரும் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். போட்டுக் கொடுத்தார். சர்வேயர் வந்து பின்கதவைத் திறந்தார். "தூங்குற வண்டியா மேடம்?" என்று சிரித்தபடி பலகையைப் படம் எடுத்தார். மூன்று வாரத்தில் நிராகரிப்புக் கடிதம் அவருடைய முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது; அவர் வாட்ஸப்பில் படம்பிடித்து அனுப்பினார். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றியிருக்கிறோமாம். இதில் தப்பு என்மேல்தான். ஐந்து பேர் உட்காரும் வண்டி என்று ஆர்.சி.யில் இருக்கும்போது நானாகச் சீட்டைக் கழற்றியிருக்கக் கூடாது, சட்டம் அதை அனுமதிக்கவில்லை. ஆனாலும் நசுங்கியது முகப்பு. கட்டிலுக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாமே என்று தோன்றியது. கேட்பதற்குக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், சென்னையில் அலுவலகம், கட்டணமும் கிடையாது. ஆனால் புகார் கொடுப்பவர் பாலிசிதாரராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய வாரிசாகவோ நாமினியாகவோ. நான் நாமினிதான். அவர் உயிரோடு நன்றாக இருந்தார். என்னுடைய பிராதை எடுத்துக்கொண்டு இன்னொரு முறை அவர் வாசலில் நிற்க எனக்கு மனமில்லை. 38,000 ரூபாய் என் கையிலிருந்து போயிற்று.

அந்த பாலிசியை அப்போதுதான் முதல்முறையாக முழுதாகப் படித்தேன். சங்க இலக்கிய உரைகளை வரிவரியாகப் படிப்பவள், பத்து வருடம் பணம் கட்டிய காகிதத்தைப் படிக்கவில்லை. உரிமையாளரே ஓட்டும்போது விபத்து நடந்தால் தரும் தனிநபர் காப்பு, 15 லட்சம். உரிமையாளர்: அவர். நாமினி: மனைவி. அந்த வண்டியை அவர் மொத்தம் நான்கு முறை ஓட்டியிருப்பார், நான்கு முறையும் எஞ்சின் சூட்டைத் திட்டியபடி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(30), யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்கிறது. பணம் கொடுத்தது யார், ஓட்டுவது யார் என்ற பேச்சே இல்லை. வகுப்பில் நான் ஆர்வமாக நடத்தும் இடம் ஒன்று உண்டு: தொல்காப்பியம் தலைவனைக் கிழவன் என்றும் தலைவியைக் கிழத்தி என்றும் சொல்கிறது, கிழமை என்றால் உரிமை, ஆக இருவருமே உரிமை உடையவர்கள். இருபது வருடமாக இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆர்.சி. புத்தகத்தில் கிழவன் மட்டும்தான் இருந்தார்.

பெயரை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். ஏஜென்டிடம் போனபோதுதான் நோ கிளெய்ம் போனஸ் கதை தெரிந்தது. விபத்துக்கென்று பணம் கேட்காமல் ஒரு வருடம் ஓட்டினால், வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் பிரீமியத்தில் அடுத்த வருடம் 20 சதவீதம் தள்ளுபடி. பிறகு 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாவது வருடத்தோடு 50இல் நிற்கும். எங்கள் வண்டிக்கு 2017இலேயே 50 வந்துவிட்டது. மழையிலும் மண்பாதையிலும் ஒரு கீறல் விழாமல் நான் ஓட்டிச் சம்பாதித்த 50. விபத்துக்குக் கேட்ட பணமும் கிடைக்காததால் அதுவும் குறையாமல் அப்படியே இருந்தது.

"அது வண்டிக்கு இல்லை மேடம், பாலிசிதாரருக்கு. வண்டி உங்க பேருக்கு வந்தாலும் போனஸ் சாரோடதான். அவர் புது வண்டி எடுத்தா அதுல கழிச்சுக்கலாம். நீங்க பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கணும். பேர் மாத்தின 14 நாளுக்குள்ள எங்ககிட்ட எழுதிக் கொடுத்து, மீதி இருக்கிற மாசங்களுக்குத் தள்ளுபடி வித்தியாசத்தையும் கட்டிடுங்க."

"ஓட்டுனது நான்தானே?"

"ரூல் அப்படி மேடம்." ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தாழ்த்தி, "சார் ஒருவேளை தவறிட்டிருந்தா, வண்டி உங்ககிட்ட வர்றப்ப போனஸும் அப்படியே வந்திருக்கும். மனைவி, பிள்ளைங்க, அப்பா அம்மாவுக்கு மட்டும் அந்தச் சலுகை உண்டு" என்றார்.

அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். பத்து வருடமாக ஒப்பாரி கேட்டவளுக்கு அந்த விதி புரியாதா? நான் பதிவு செய்த பாட்டிகளில் பாதிப்பேருக்கு வீடும் நிலமும் புருஷன் போன பிறகுதான் கைக்கு வந்தது, அதுவும் மகன்கள் விட்டுவைத்த அளவுக்கு. போனஸ், பிரிந்து வந்தவளுக்குக் கிடையாது. தாலி அறுத்தவளுக்கு உண்டு. இதை எழுதிய யாரும் பெண்களுக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஒரு பெண் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்காவது நிற்பாள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

படிவம் 29, படிவம் 30. ஒரு காபிக் கடையில் வைத்து அவர் கையெழுத்துப் போட்டார். "எனக்கு விற்கிறமாதிரி இருக்கு" என்றேன். "எவ்வளவு தருவ?" என்று கேட்டுச் சிரித்தார். காபிக்கு நான் பணம் கொடுத்தேன். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தகப்பனார் அல்லது கணவர் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதினேன். ஆதாரில் வேறு இருக்கிறதே என்று எழுத்தர் திருப்பிக் கொடுத்தார். ஆதாரை மாற்ற ஒரு நடை, மறுபடியும் இங்கே ஒரு நடை. கிளப்பில் என் பெயரில் உறுப்பினராக விண்ணப்பித்தேன்; ஏற்கெனவே குடும்ப அட்டை இருக்கிறது, அதை ரத்து செய்ய உறுப்பினர் எழுதித் தர வேண்டும் என்றார்கள். அத்தோடு விட்டேன். கோலங்களுக்கு வேறு யாராவது மதிப்பெண் போடட்டும்.

மார்ச் கடைசியில் ஆர்.சி. என் பெயரில் வந்தது. ஜூனில் வண்டிக்கு 15 வருடம் முடிகிறது, பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் ஏப்ரல் 1 முதல் 5,000 ஆகியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. சோதனைக்கு வண்டியைக் காட்டும்போது கம்பெனி கொடுத்த பின்சீட்டு அதனிடத்தில் இருக்க வேண்டும். அது அவருடைய வீட்டில் இருந்தது.

மே மாதம் ஒரு மதியம் போனேன். அவர் ஊரில் இல்லை. கூடத்தில் டி.வி.க்கு எதிரே அந்தச் சீட்டு, அதற்குப் பூப்போட்ட உறை. அதன்மேல் அத்தை உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இருந்த காலத்தில் எங்களுக்குள் பெரிய ஒட்டுதல் கிடையாது, பெரிய பகையும் கிடையாது. வந்த காரணத்தைச் சொல்லவே கூச்சமாக இருந்தது.

"இதையா கேக்கற?" என்று தான் உட்கார்ந்திருந்த இடத்தையே குனிந்து பார்த்தார். "பத்து வருஷமா இதுலதான் உக்காந்திருக்கேன். இது உன் வண்டியோடதுன்னே மறந்துபோச்சு."

வேறு நாற்காலி வாங்கித் தருகிறேன் என்றேன். அதெல்லாம் வேண்டாம் என்று கையை ஊன்றி எழுந்தார். உறையைக் கழற்றி நான்காக மடித்தார். நாங்கள் இரண்டு பேருமாக, அவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம், சீட்டைப் பிடித்து இழுத்து மாடிப்படியில் மெதுவாக இறக்கினோம். நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். ஆம்னியின் பக்கக் கதவைத் தள்ளித் திறந்ததும் உள்ளே தலையை நீட்டி, சுங்குடித் திரையை, பலகையை, வாளியைப் பார்த்தார்.

"இதுலயேதான் படுத்துக்குவியா?"

"ஆமாங்கத்தை."

"பயமா இருக்காது?"

"கதவைச் சாத்திக்குவேன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார், "வண்டி இப்ப யார் பேருல இருக்கு?"

"என் பேருலதான்."

"சமயபுரம் போய் நாலு வருஷம் ஆச்சு. கூப்பிட்டா லீவு இல்லைங்கறான்." திரைத்துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். "ஒரு நாள் சொல்லு. நடுவுல எங்கயாவது நிறுத்தணும் எனக்கு, இப்பல்லாம் அடக்க முடியறதில்ல."

வாளி இருக்கிறது என்றேன்.