'கறுப்பினப் படையினருக்கு மட்டும்': ஓர் ஆங்கிலக் கிராமத்துப் பப்பின் கதை



பப் பற்றியா இன்றைய பதிவு என்று சிலர் கேட்பீர்கள். குடி நமக்கு ஹராம், அதில் பேச்சுக்கே இடமில்லை. நாம் பேசப்போவது அந்தக் கடையின் வாசலைப் பற்றி. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

ஆங்கிலேயரின் கிராமத்துப் பப் நம்மூர்த் தவறணை மாதிரி இல்லை. 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். பொது வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்கதை, வாக்குவாதம், கல்யாணப் பேச்சு, மையத்து வீட்டிலிருந்து திரும்புகிறவர்களின் சாப்பாடு எல்லாம் அங்கேதான் நடக்கும். 1552லேயே இவற்றுக்கு அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. இதில் இன்னொரு வகை 'இன்'. சாப்பாட்டோடு படுக்கையும் கொடுக்கும் சத்திரம். பிற்காலத்து ஹோட்டல்களுக்கு அதுதான் மூத்த வாப்பா.

இந்த இன்களுக்கு ஒரு பழைய சட்டம் இருந்தது. வழிப்போக்கன் வந்து நின்றால், இடம் இருந்தால், அவனிடம் காசு இருந்தால், ஒழுங்காக நடந்துகொண்டால், சத்திரக்காரர் அவனை ஏற்றே ஆக வேண்டும். "உன் முகம் எனக்குப் பிடிக்கவில்லை" என்று அனுப்ப முடியாது. அவனுடைய பொருள் களவு போனால் அதற்கும் சத்திரக்காரரே பொறுப்பு. காரணம் எளிது. அந்தக் காலத்துப் பாதைகளில் இரவில் கள்வர் பயம். கதவை மூடினால் வெளியே நிற்பவனின் உயிருக்கே ஆபத்து. முஸாபிரின் உரிமை பற்றி நமக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் வழிப்போக்கரும் ஒருவர்.

படுக்கை கொடுக்காத வெறும் பப்புக்கு இந்தக் கடமை கிடையாது. விரும்பியவரை உள்ளே எடுக்கலாம், விரும்பாதவரைத் திருப்பி அனுப்பலாம். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 1943க்கு வருவோம். தரம் 11 வரலாற்றுப் பாடத்தில் உலகப் போர் வரும், இந்தச் சம்பவம் வராது. இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயர் மாநிலத்தில், பிரெஸ்டன் நகருக்குத் தெற்கே பாம்பர் பிரிட்ஜ் என்றொரு கிராமம். அங்கே அமெரிக்காவின் லொறிப் படைப்பிரிவு ஒன்று முகாமிட்டிருந்தது. சாரதிகளும் சிப்பாய்களும் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினத்தவர். அதிகாரிகளில் பெரும்பாலோர் வெள்ளையர். மாலையில் அந்தப் பொடியன்கள் வைக்கோல் வேய்ந்த கூரையுள்ள 'ஹொப் இன்' என்ற பப்பில் கிராமத்து மக்களோடு கலந்து உட்காருவார்கள்.

அமெரிக்கத் தரப்புக்கு இது பொறுக்கவில்லை. அவர்கள் நாட்டிலும் படையிலும் கறுப்பர் வேறு, வெள்ளையர் வேறு. இங்கேயும் பப்புகளில் நிறப் பிரிப்பைக் கொண்டுவரச் சொன்னார்கள். கிராமத்தில் இருந்த மூன்று பப்புகளும் அதற்கு இணங்கிப் பலகை போட்டன. பலகையில் எழுதியிருந்தது: 'கறுப்பினப் படையினருக்கு மட்டும்.'

போருக்குப் பின் அதே ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படிப்பித்த எழுத்தாளர் அந்தோனி பேர்ஜஸும் இதைப் பதிந்திருக்கிறார். பயிற்சிக் கலாசாலை வழியாக வந்த நமக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம்.

ஆனால் கதை சந்தோஷமாக முடியவில்லை. ஜூன் 24 இரவு, ஹொப் இன் மூடும் நேரம். இரண்டு வெள்ளை இராணுவப் பொலிஸார் வந்து, சீருடை சரியில்லை என்று ஒரு கறுப்பினச் சிப்பாயைக் கைது செய்யப் பார்த்தார்கள். அங்கிருந்த ஆங்கிலேயர்களும், பிரித்தானிய இராணுவப் பெண்களும் சிப்பாயின் பக்கம் நின்றார்கள். பொலிஸார் போய் ஆள் சேர்த்துக்கொண்டு திரும்பினார்கள். தெருவில் கைகலப்பு, பிறகு துப்பாக்கிச் சூடு. வில்லியம் குரொஸ்லாண்ட் என்ற சிப்பாய் முதுகில் சுடப்பட்டு இறந்தார். நள்ளிரவில் இயந்திரத் துப்பாக்கி பொருத்திய வாகனத்தோடு பொலிஸார் முகாமுக்கு வர, சிப்பாய்களும் ஆயுதக் கிடங்கைத் திறந்தார்கள். விடியும்வரை ஊர் உறங்கவில்லை. முடிவில் 32 கறுப்பினச் சிப்பாய்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். மேலதிகாரிகளே பெரும்பங்கு பழி வெள்ளை அதிகாரிகள்மீதும் பொலிஸார்மீதும் என்று ஏற்று, தண்டனைகளைக் குறைத்தார்கள். குரொஸ்லாண்டின் உயிர் போனது போனதுதான்.

இது நடந்து ஐந்து வாரம். லங்காஷயரின் நெல்சன் கழகத்துக்காக ஆண்டுக்கணக்கில் விளையாடி, அந்த ஊரிலேயே குடியிருந்தவர் மேற்கிந்தியத் தீவுகளின் லியரி கொன்ஸ்டன்டைன். கிரிக்கெட் பைத்தியங்களுக்கு இந்தப் பெயர் தெரியும். லோர்ட்ஸில் ஒரு போட்டிக்காக மனைவி, மகளோடு லண்டன் போனார். இம்பீரியல் ஹோட்டலில் நான்கு இரவுக்கு முன்கூட்டியே அறை ஒதுக்கியிருந்தார். ஜூலை 30 அங்கே போய்ச் சேர்ந்ததும், ஓர் இரவுக்கு மேல் தங்க முடியாது என்றார்கள். தங்கியிருக்கும் அமெரிக்கர்களுக்குப் பிடிக்காதாம். அவரைக் குறித்து வாயில் வந்த இழிசொல்லையும் சொன்னார்கள்.

பாருங்கள் இந்த முரணை. எவரையும் ஏற்க வேண்டிய கடமை இல்லாத கிராமத்துப் பப் கதவைத் திறந்து வைத்தது. சட்டப்படி ஏற்றே ஆக வேண்டிய தலைநகர ஹோட்டல் மூடியது.

கொன்ஸ்டன்டைன் சண்டை போடவில்லை. அதே நிறுவனத்தின் வேறொரு ஹோட்டலில் தங்கினார், விளையாடினார், பிறகு வழக்குப் போட்டார். நிறப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் எதுவும் அன்று இங்கிலாந்தில் இல்லை. அவருடைய வழக்கறிஞர்களுக்குக் கைகொடுத்தது அந்தப் பழைய சத்திரச் சட்டம்தான். கள்வருக்குப் பயந்த வழிப்போக்கனுக்காக வந்த சட்டம். வேறு ஹோட்டலில் இடம் கொடுத்தோமே என்ற வாதத்தை நீதிபதி பேர்க்கெட் ஏற்கவில்லை. 1944 ஜூனில் கொன்ஸ்டன்டைனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். நட்டஈடு ஐந்து கினி, அதாவது ஐந்து பவுணும் ஐந்து ஷில்லிங்கும்.

ஆங்கிலேயருக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று நினைக்க வேண்டாம். அதே காலத்தில் நம் மலைநாட்டில் துரைமாருக்கு மட்டுமான கிளப்புகள் இருந்தன. போர் முடிந்து வந்த மேற்கிந்தியர்களுக்கும் தெற்காசியர்களுக்கும் வாடகை அறை கொடுக்க மறுத்த வீடுகள் இங்கிலாந்தில் ஏராளம். பொது இடங்களில் இனப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் 1965இல்தான் வந்தது. நான்கு வருடத்தில் கொன்ஸ்டன்டைன் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்தார், அங்கே போன முதல் கறுப்பினத்தவராக.

2019 ஏப்ரலுக்குப் பிறகு கடை வாசலிலும் அலுவலக வாசலிலும் நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அந்த நாட்களில் "நீங்க வாங்க" என்று கூப்பிட்ட கடைக்காரரின் முகம் இன்னும் மறக்கவில்லை என்று அவர்களே சொல்வார்கள்.

2022 ஜூனில் ஹொப் இன்னுக்கு எதிரே ஒரு சிறிய நினைவுத் தோட்டத்தைத் திறந்தார்கள். சுட்ட குண்டுகளின் தடங்கள், பக்கத்து வங்கிச் சுவரில் 1980களின் கடைசியில்தான் கண்டெடுக்கப்பட்டன. அதுவரை ஊருக்கு வெளியே இந்தக் கதை பெரும்பாலானோருக்குத் தெரியாது.