அம்மா பக்கத்து சீட்ல இருந்தப்போ

முதல்லயே ஒத்துக்கிறேன். பிரேக் பேடு பத்தி நான் கத்துக்கிட்டது லேப்ல இல்ல. ஒரு மார்கழிக் காலைல, அம்மாவைப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டு, எங்க தெரு முக்குல கத்துக்கிட்டேன்.

வண்டி அப்பாவோட பழைய ஹேட்ச்பேக். மூணாவது வருஷ லீவுல, செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு நண்பர்களோட அதைக் கொண்டு போனேன். முதல் மூணு சுற்று சொர்க்கம். நாலாவதுல பிரேக்கை மிதிச்சா பெடல் கல்லு மாதிரி நிக்குது, வண்டி நிக்க மாட்டேங்குது. கருகின வாடை வேற. இதுதான் பேடு ஃபேட். பேடுக்குள்ள இருக்கிற ரெசின் சூடு தாங்காம வாயு விடும், உராய்வு விழுந்துடும். அப்படி இல்லாம பெடல் ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கினா அது வேற வியாதி: பிரேக் ஆயில் கொதிச்சுக் குமிழி வந்திருக்கு. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

காரணம் நம்ம அரை எம் வி ஸ்கொயர்தான். ஆயிரம் கிலோ வண்டியை 50 கி.மீ. வேகத்துலேர்ந்து நிறுத்தினா சுமார் 96 கிலோ ஜூல் சூடாகுது. 100-லேர்ந்துன்னா 386. வேகம் ரெண்டு மடங்கு, சூடு நாலு மடங்கு. ரோட்ல அது ஆற நேரம் இருக்கு. டிராக்ல ஆறுறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துடும்.

சரின்னு டிராக் பேடு வாங்கினேன். பல பேடுகள்ல எஃப்எஃப், ஜிஜின்னு ரெண்டு எழுத்து அச்சடிச்சிருக்கும். முதல் எழுத்து சாதாரண சூட்டுல இருக்கிற உராய்வு, ரெண்டாவது அதிக சூட்டுல. எஃப்-ன்னா 0.35 முதல் 0.45 வரை, ஜி-ன்னா 0.45 முதல் 0.55 வரை. நான் ஜிஜி எடுத்தேன். அடுத்த டிராக் நாள்ல பிரமாதமா பிடிச்சது. வீட்டுக்கு வந்து பழைய பேடை மாட்டல. சோம்பல். "நல்ல பிரேக் ரோட்லயும் நல்லதுதானே?"

அடுத்த வாரம் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். மணி அஞ்சரை. வண்டி எடுத்து முந்நூறு அடிகூடப் போகல, முக்குல பால்காரர் சைக்கிள் குறுக்க வந்துச்சு. மிதிச்சேன். மரக்கட்டையை மிதிச்ச மாதிரி இருந்துச்சு. ரெண்டு காலையும் வச்சு அழுத்தினதுல, சைக்கிளுக்கு ஒரு முழம் முன்னாடி நின்னோம்.

"கண்ணு, பிரேக்கு புடிக்கலையா?"

"ரோடு வழுக்குதும்மா." ரோடு காய்ஞ்சு கிடந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சப்போதான் புரிஞ்சுது. அந்த முதல் எழுத்துக்கான சோதனையே ஏறக்குறைய 93 டிகிரிலதான் ஆரம்பிக்குது. பனியில நின்ன வண்டியோட முதல் மிதிக்கு அதுல எழுத்தே கிடையாது. டிராக் பேடு சூடேறினாதான் வேலை செய்யும்; தெரு பேடு ஆறிக் கிடக்கும்போதே பிடிக்கணும். ரெண்டையும் முழுசா செய்யுற பேடு இல்லைங்க.

இப்போ என் பழக்கம் இதுதான். டிராக்குக்கு ஒரு செட், ரோட்டுக்கு ஒரு செட். மாத்தினதும் வெறிச்சோடின ரோட்ல மிதமா பத்து தடவை பிரேக் பிடிச்சு, நடுவுல ஆறவிட்டு, டிஸ்க்ல படிய வைப்பேன். பேடு 3 மி.மீ.க்குக் கீழ போனா கழட்டிடுவேன். உள்பக்க பேடையும் வெளிப்பக்க பேடையும் சேர்த்துப் பார்ப்பேன். ஒண்ணு மட்டும் தேய்ஞ்சிருந்தா காலிப்பர் பின் இறுகியிருக்கும். பேடு முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தா அது வெந்து போச்சு. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதுசுல குறைஞ்சது 230 டிகிரி தாங்கும், ஈரம் ஏறினா 155 வரைக்கும் இறங்கலாம். அதனால டிராக்குக்கு முன்னாடி ஆயிலும் புதுசு. கடைசி சுற்றை மெதுவா ஓட்டி ஆறவிடுவேன், சூட்டோட ஹேண்ட் பிரேக் போட மாட்டேன்.

மறுநாள் பேடை மாத்திட்டு அம்மாகிட்ட உண்மையைச் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும் கண்ணு. நீ எப்ப சொல்றேன்னு பார்த்தேன்"னாங்க.

டிராக்குக்குப் போங்க, ஜாலியா ஓட்டுங்க. ஆனா திரும்பி வந்ததும், உங்க வண்டியில அடுத்து ஏறப்போறது யாருன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு ஸ்பானரை எடுங்க.